முன்சக்கர டிஸ்க்: எவர்சில்வரா, வார்ப்பிரும்பா, கார்பனா?

உவரிக்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 150 சிசி வண்டி. அதன் முன்சக்கர டிஸ்க் புதிதாக இருந்தபோது 4 மில்லிமீட்டர் தடிமன். குறைந்தபட்சத் தடிமன் 3.5 என்று டிஸ்க்கின் மீதே பொறித்திருக்கிறார்கள். அண்மையில் பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தபோது சில இடங்களில் 3.4 என்று காட்டியது. ஆகவே மாற்றியாக வேண்டும் என்பதில் ஐயமில்லை. எதை வாங்கி மாட்டுவது என்பதில்தான் தெளிவு வேண்டும்.

என் ஊர் உவரிக்குப் பக்கத்தில், கடற்காற்று நேராக வீசும் இடத்தில் இருக்கிறது. வேலைக்காகத் திசையன்விளை வழியாகப் பாளையங்கோட்டைக்கு நாள்தோறும் போய் வருகிறேன். ஆனி, ஆடியில் காற்று மணலை வாரிச் சாலையில் இறைக்கும்; ஐப்பசி, கார்த்திகையில் மழை. குலதெய்வம் காரையாற்றில் இருக்கும் சொரிமுத்தையனார் என்பதால், அவ்வப்போது மனைவியையும் பொங்கல் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு பாபநாசம் மலைச்சாலையில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

என் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. வண்டி நிறுவனத்தின் டிஸ்க்கையே வாங்கலாம். லேசர் வெட்டும் பட்டறை ஒன்றில், 304 தர எவர்சில்வர் தகட்டில் அதே அளவுக்கு வெட்டித் தருவதாகவும், அது கடற்கரையிலும் துருவே பிடிக்காது என்றும் சொல்கிறார்கள். கோவையில் வார்ப்படத் தொழிலில் இருக்கும் உறவினர், கார்களுக்கெல்லாம் வார்ப்பிரும்புதான் போடுகிறார்கள், அதுவே நன்றாகப் பிடிக்கும் என்று சொல்லி ஒன்றை வார்த்துக் கடைந்து தர முன்வருகிறார். இணையக் கடையிலோ ‘கார்பன் செராமிக்’ என்ற பெயரில் ஒரு டிஸ்க் நிறுவனத்தின் விலையைவிடக் குறைவாகக் கிடைக்கிறது. விலை வேறுபாட்டை நான் பெரிதாகக் கருதவில்லை. வண்டியில் என் மனைவியும் வருகிறார். உலோகங்களைப் பற்றி அறிந்தவர்கள் காரணத்தோடு விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பாளை உலோகவியல் எழுதியது:

நண்பரே, டிஸ்க்கின் வேலை வண்டியை நிறுத்துவது என்று சொல்வதைவிட, வண்டியின் வேகத்தை வெப்பமாக மாற்றி, அந்த வெப்பத்தைத் தாங்கி, காற்றில் விட்டுவிடுவது என்று சொல்வதே பொருத்தம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி, நீங்கள், மனைவி, சாமான்கள் எல்லாம் சேர்ந்து 280 கிலோ என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதாக நிறுத்தும்போது ஏறத்தாழ 69 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக வேண்டும். அதில் பத்தில் ஏழு பங்கு முன்பிரேக்கில் விழுவதாகக் கொண்டால், ஒரு கிலோ எடையுள்ள எஃகு டிஸ்க் அந்த ஒரே நிறுத்தத்தில் 100 டிகிரிக்குச் சற்று மேலாகச் சூடேறும். மலை இறக்கத்தில் நிலைமை இன்னும் கடுமை. அதே சுமையோடு செங்குத்தாக 100 மீட்டர் உயரம் இறங்குவதில் வெளிப்படும் ஆற்றல் 275 கிலோஜூல், அதாவது 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நான்கு முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். எஞ்சினும் காற்றின் எதிர்ப்பும் அதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். மீதி முழுவதும் டிஸ்க்கின் பொறுப்பு. உலோகத்தைத் தேர்வு செய்யும்போது துருவை முதலாவதாகவும் வெப்பத்தை இரண்டாவதாகவும் வைக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

304 தகட்டைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. அது துருவை நன்றாக எதிர்க்கும் என்பது உண்மை. உங்கள் நிறுவன டிஸ்க்கைவிடவும் நன்றாகவே எதிர்க்கும். ஆனால் எவர்சில்வர் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் வெவ்வேறு குடும்பங்கள் உள்ளன. மோட்டார் சைக்கிள் டிஸ்க்குகளுக்குப் பயன்படுவது 410, 420 ஆகிய எண்களைச் சார்ந்த மார்ட்டென்சைட் வகை எஃகு. அதில் குரோமியம் ஏறத்தாழ 12 சதவீதம் இருக்கும். நிக்கல் மிகக் குறைவு. அதைச் சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்தால் கடினமாகும். பேட் (டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் உரசுகட்டை) உரசும் வளையப் பகுதியை மின்தூண்டல் முறையில் சூடாக்கிக் குளிர்வித்து, ராக்வெல் சி அளவில் சுமார் 32 முதல் 38 வரையிலான கடினத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அதைவிட மென்மையாக இருந்தால் டிஸ்க் விரைவில் தேய்ந்து வரி விழும். மிகவும் கடினமாக இருந்தால் வெப்ப விரிசலுக்கு இடம் கொடுக்கும். 304 ஆஸ்டெனைட் வகையைச் சேர்ந்தது. அதை எவ்வளவு சூடாக்கிக் குளிர்வித்தாலும் கடினமாகாது, மாறாக இன்னும் மென்மையாகும். உரசும்போது மேற்பரப்பு பிய்ந்து ஒட்டிக்கொள்ளும் இயல்பும் அதற்கு உண்டு.

வெப்பக் கடத்தலிலும் 304 பின்தங்கியே நிற்கிறது. சாம்பல் வார்ப்பிரும்பின் கடத்துதிறன் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 50 வாட். மார்ட்டென்சைட் எஃகுக்கு ஏறத்தாழ 25. 304 தகட்டுக்கு 16 மட்டுமே. வீட்டில் தோசைக்கல்லை இரும்பில் வைத்துக்கொள்வதும், அடிகனமில்லாத எவர்சில்வர் பாத்திரத்தில் பால் ஓரிடத்தில் மட்டும் அடிபிடிப்பதும் இதே காரணத்தால்தான். அதோடு, சூடாகும்போது 304 விரிவடையும் அளவு மார்ட்டென்சைட் எஃகைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். பேட் உரசும் வெளிவளையம் சூடாகி விரிய முயலும். போல்ட் போட்டு இறுக்கிய நடுப்பகுதியோ குளிர்ந்து நிற்கும். அந்த இழுபறியில் தட்டு கிண்ணம்போல் வளையும். மலை இறங்கி முடிக்கும் முன்பே பிரேக் லிவர் துடிக்கத் தொடங்கினால் வியப்பதற்கில்லை. ஆகவே அந்த வழியைத் தயவுசெய்து முழுவதுமாகக் கைவிடுங்கள்.

வார்ப்பிரும்பைப் பற்றி உங்கள் உறவினர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. கார்களில் அதைப் பயன்படுத்துவதற்குக் காரணங்கள் வலுவானவை: வெப்பத்தை விரைவாகப் பரப்பும், உள்ளே இருக்கும் கிராஃபைட் செதில்கள் அதிர்வை அடக்கும், வார்ப்பது எளிது, விலையும் குறைவு. ஆனால் கார் டிஸ்க் மிகவும் தடிமனானது, சக்கரத்துக்குள் மறைந்திருப்பது. உங்கள் டிஸ்க்கின் தடிமன் 4 மில்லிமீட்டர்தான். சாம்பல் வார்ப்பிரும்பின் இழுவலிமை 200 முதல் 250 மெகாபாஸ்கல் அளவில் நிற்கும்; வளையாமல் ஒடியும் தன்மை கொண்டது. கடினமாக்கப்பட்ட மார்ட்டென்சைட் எஃகின் வலிமை அதைப் போலப் பல மடங்கு. பேட்டுகளைத் தாங்கி டிஸ்க்கின் மீது அழுத்தும் காலிப்பரின் இடைவெளி 4 மில்லிமீட்டர் டிஸ்க்குக்காக அமைந்தது என்பதால், வார்ப்பிரும்பைத் தேவையான அளவுக்குத் தடிமனாக்கவும் உங்களுக்கு இடமில்லை. மெல்லிய வார்ப்பிரும்புத் தட்டில் துளைகளும் போட்டு, சாலைப் பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் அதிர்ச்சி கொடுத்தால், விரிசல் எங்கே தொடங்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

எஃகு வெப்பத்தை மெதுவாகக் கடத்துவது குறையல்லவா என்று கேட்கலாம். தடித்த டிஸ்க்கில் அது பெருங்குறை. 4 மில்லிமீட்டர் தட்டிலோ இரு பக்கமும் பேட் உரசுவதால் வெப்பம் கடக்க வேண்டிய ஆழம் 2 மில்லிமீட்டர்தான். அதைக் கடக்க ஒரு விநாடிகூட ஆகாது. டிஸ்க் முழுவதும் திறந்த காற்றில் சுழல்வதால் குளிர்வதும் எளிது. மோட்டார் சைக்கிளுக்கு எஃகு ஒத்துப்போவது இந்த இரண்டு காரணங்களால்தான். பளபளப்பு மூன்றாவது காரணம்.

கார்பனைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டோஜிபி பந்தய வண்டிகளில் இருக்கும் கார்பன் டிஸ்க் 200 டிகிரிக்கு மேல் சூடான பிறகே சரியாகப் பிடிக்கத் தொடங்கும். திசையன்விளைக் கடைத்தெருவில் குறுக்கே ஓர் ஆடு வந்தால், குளிர்ந்த நிலையில் இருக்கும் பிரேக்தான் உங்களைக் காக்க வேண்டும். தவிர, உண்மையான கார்பன் டிஸ்க்கைச் செய்து முடிக்கப் பல வாரங்கள் சூளையில் வைக்க வேண்டியிருப்பதால், அந்த விலைக்கு அது கிடைக்கவே வழியில்லை.

வள்ளியூர்ப் பட்டறை எழுதியது:

தம்பி, மேலே சொன்னவர் உலோகத்தைத் தெளிவாக விளக்கிவிட்டார். கடையில் எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை நான் சொல்கிறேன்.

சட்டைப்பையில் ஒரு சிறிய காந்தம் கொண்டுபோங்கள். மார்ட்டென்சைட் எஃகில் காந்தம் உறுதியாக ஒட்டும். 304 தகட்டில் ஒட்டாது, அல்லது வெட்டிய ஓரத்தில் மட்டும் மிகவும் மெலிதாக இழுக்கும். காந்தம் ஒட்டாத டிஸ்க்கை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் ஒட்டிய எல்லாமே நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கடினமாக்காத 410 தகட்டிலும் சாதாரண இரும்பிலும் காந்தம் ஒட்டத்தான் செய்யும். கடினம் சரியாக இருக்கிறதா என்பதைக் கையால் அறிய முடியாது. பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடத்திலோ பெரிய டூல்ரூமிலோ ராக்வெல் கருவியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த அலைச்சல் வேண்டாம் என்றால், வண்டி நிறுவனத்தின் டிஸ்க்கையோ, அந்த நிறுவனத்துக்கே பிரேக் செய்து கொடுக்கும் தயாரிப்பாளரின் டிஸ்க்கையோ ரசீதுடன் வாங்குங்கள். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம் உலோகத்துக்கு மட்டுமானது அன்று. அதைச் சரியாகக் கடினமாக்கியதற்கும், இரு முகங்களையும் ஒன்றுக்கொன்று இணையாகச் சாணை பிடித்ததற்கும் சேர்த்துத்தான்.

அந்த இரண்டாவது வேலையைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு டிஸ்க்கைச் சுற்றிலும் அளந்து பார்த்தால், தடிமனில் நூறில் ஒன்றிரண்டு பங்கு மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தாலே பிரேக் பிடிக்கும்போது லிவர் துடிக்கும். அதை உணர்ந்து பலர் காலிப்பரைக் கழற்றுகிறார்கள், முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க்கைப் பிரிக்கிறார்கள். குற்றம் டிஸ்க்கில் இருக்கும். லேசரில் வெட்டிய தகட்டில் முகத்தை யாரும் சாணை பிடித்துத் தருவதில்லை. ஆலையில் உருட்டி வந்த பரப்பு அப்படியே இருக்கும். உங்கள் பழைய டிஸ்க்கை லேத்தில் கொடுத்துச் சமன் செய்யலாம் என்றும் யாராவது சொல்வார்கள். ஏற்கெனவே 3.4 ஆகிவிட்டதை மேலும் கடைவது கூடவே கூடாது.

கடற்கரைத் துருவைப் பற்றியும் அஞ்ச வேண்டாம். நிறுவன டிஸ்க்கில் போல்ட் போடும் இடத்திலும் துளைகளின் ஓரத்திலும் பழுப்பு நிறம் படரும். பேட் உரசும் பகுதி ஒவ்வொரு நாளும் துடைக்கப்பட்டுவிடும். உவரிப் பக்கத்திலிருந்து என்னிடம் வரும் வண்டிகளில் டிஸ்க் துருப்பிடித்துக் கெட்டதைவிட, காலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் வழுக்குமுளைகளில் உப்பேறி இறுகிப்போய், ஒரு பக்கத்துப் பேட் மட்டும் ஓயாமல் உரசி டிஸ்க்கைத் தின்றிருப்பதைத்தான் மிகுதியாகப் பார்க்கிறேன். உங்கள் டிஸ்க் சில இடங்களில் மட்டும் 3.4 காட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். புதிய டிஸ்க் மாட்டும் அன்றே அந்த முளைகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கு உரிய சிலிக்கோன் கிரீஸ் இட்டு மாட்டச் சொல்லுங்கள். ஆடிக்காற்றில் மணலோடு ஓடிய நாள்களில் வீட்டுக்கு வந்ததும் சிறிது நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். ஆனால் டிஸ்க் சூடாக இருக்கும்போது ஊற்றிவிடாதீர்கள்.

சாரல்வழி எழுதியது:

வார்ப்பிரும்பை முற்றிலும் ஒதுக்குவது சரியன்று என்பதால் இதை எழுதுகிறேன். தென்காசியில் என்னிடம் வார்ப்பிரும்பு டிஸ்க் கொண்ட பழைய இத்தாலிய வண்டி ஒன்று இருக்கிறது. குற்றாலச் சாரலில் நனைந்தபடி ஓட்டும்போதும் லிவரைத் தொட்ட உடனே அது பிடிக்கும் விதம் எனக்கு மிகவும் உகந்தது. 1969-இல் ஹோண்டா சிபி750 முன்சக்கர டிஸ்க் பிரேக்கோடு வந்த பிறகு எஃகு டிஸ்க் பரவியது. அக்காலத்து எஃகு டிஸ்க்கும் அக்காலத்துப் பேட்டும் சேர்ந்தபோது மழையில் பிடி தாமதமாகவே வந்தது என்பது ஓட்டியவர்கள் பலரும் அறிந்தது. வார்ப்பிரும்பை விரும்பியவர்கள் வெறும் பழைமைப் பற்றினால் விரும்பவில்லை.

எனினும் என் வண்டியின் டிஸ்க் உங்களுடையதைவிடத் தடிமனானது. காலிப்பரும் அதற்கென்றே அமைந்தது. இரண்டு நாள் நிறுத்திவைத்தால் செந்நிறத் துரு படியும். அதைத் துடைக்க முதல் சில நிறுத்தங்கள் ஆகும். உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்யும் சின்டர் பேட் போட்டால் வார்ப்பிரும்பு விரைவில் தேய்ந்துவிடும் என்பதால், நார்களைப் பிசினில் பிணைத்துச் செய்யும் ஆர்கானிக் பேட் மட்டுமே போடுகிறேன். கடற்கரையில் நாள்தோறும் ஓடும் வண்டிக்கு நானும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

உவரிக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நிறுவனத்தின் டிஸ்க்கையே வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். பட்டறை அண்ணாச்சி சொன்னபடி பழைய டிஸ்க்கை எட்டு இடங்களில் அளந்து பார்த்தேன். உட்புறத்தில்தான் தேய்மானம் மிகுதியாக இருக்கிறது. காலிப்பர் முளை ஒன்று கையால் நகர மறுக்கிறது. இன்னும் இரண்டு ஐயங்கள். மழையில் நன்றாகப் பிடிக்கும் என்பதால் சின்டர் பேட் போடலாமா? காரையாற்றிலிருந்து இறங்கும்போது சென்ற முறை லிவர் வழக்கத்தைவிட உள்ளே போனது. அதுவும் டிஸ்க் மெலிந்ததால்தானா?

பாளை உலோகவியல் எழுதியது:

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அது அவசரமானது. பேட் சூடேறிப் பிடி குறைந்திருந்தால் லிவர் கல்போல் உறுதியாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. லிவர் உள்ளே போனது என்றால் பிரேக் எண்ணெயில் ஆவிக்குமிழ்கள் தோன்றியிருக்க வாய்ப்பு மிகுதி. டாட் 4 என்னும் தரத்துப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய நிலைக்கு அந்தத் தரம் கேட்கும் எல்லையோ 155 டிகிரிதான். டாட் 3 எண்ணெயில் இந்த எண்கள் 205, 140. உங்கள் ஊர்க் காற்றில் ஈரப்பதம் மிகுதி. மெலிந்த டிஸ்க்கும் இதில் பங்குகொள்கிறது: எடை குறைந்த தட்டு அதே ஆற்றலுக்கு மேலும் சூடாகும், அந்தச் சூடு பேட்டின் வழியாக எண்ணெயைச் சேரும். இறுகிய முளை இருந்தால் இறக்கம் முழுவதும் பேட் விலகாமல் உரசிக்கொண்டே வந்திருக்கும். ஆகவே டிஸ்க்கோடு எண்ணெயையும் முழுவதுமாக மாற்றுங்கள். உங்கள் வண்டிக்கு எந்தத் தரம் என்பது எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியிலேயே எழுதியிருக்கும். இறங்கும்போது இரண்டாவது கியரில் எஞ்சினைக் கொண்டே வேகத்தை அடக்கி, பிரேக்கை விட்டுவிட்டுப் பிடியுங்கள். தொடர்ந்து மெலிதாகப் பிடித்துக்கொண்டே வருவதுதான் டிஸ்க்கை மிகவும் வாட்டும். பழைய டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இவ்வகை எஃகு 500 டிகிரிக்கு மேல் நெடுநேரம் இருந்தால் தன் கடினத்தை இழக்கத் தொடங்கும். அதன்பின் தேய்மானம் இன்னும் விரையும்.

வள்ளியூர்ப் பட்டறை எழுதியது:

பேட்டைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். கடினமாக்கிய எஃகு டிஸ்க்கில் சின்டர் பேட் போடலாம். மழையிலும் சூட்டிலும் அது நன்றாக நிற்கும். ஆனால் உங்கள் வண்டி நிறுவனம் எந்த வகைப் பேட்டோடு அனுப்பியதோ அதற்கேற்றபடிதான் டிஸ்க்கின் கடினமும் காலிப்பரின் வெப்பத் தடுப்பும் அமைந்திருக்கும். ஆர்கானிக் பேட்டோடு வந்த சிறிய வண்டியில் சின்டர் பேட் போட்டால் டிஸ்க்கும் விரைவாகத் தேயும். உலோகப் பேட் வெப்பத்தை எளிதாகக் கடத்துவதால் எண்ணெயும் கூடுதலாகச் சூடாகும். லிவர் உள்ளே போன வண்டிக்கு அது வேண்டாம். நிறுவனம் குறிப்பிட்ட பேட்டையே புதிதாகப் போடுங்கள். பழைய டிஸ்க்கின் வரிகள் பதிந்த பேட்டைப் புதிய டிஸ்க்கில் போடாதீர்கள்.

மாட்டும்போது சக்கரத்தில் டிஸ்க் அமரும் முகத்தைத் துரு, வண்ணம் எதுவுமின்றிச் சுத்தம் செய்து, போல்ட்டுகளை எதிரெதிராக, நிறுவனம் சொன்ன முறுக்குவிசையில் இறுக்கச் சொல்லுங்கள். அதன்பின் டயல் கேஜ் என்னும் நுண்ணளவுக் கருவியை வைத்துச் சக்கரத்தைச் சுற்றி, டிஸ்க்கின் ஆட்டத்தை உங்கள் கண் முன்னாலேயே பார்க்கச் செய்யுங்கள். எல்லை எவ்வளவு என்பது வண்டியின் பணிமனைக் கையேட்டில் இருக்கும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வளையம் தனியாக இருந்தால், அதையும் சென்சார் இடைவெளியையும் சரிபார்த்த பிறகே வண்டியை எடுங்கள். முதல் சில நாள்களில் திடீர்ப் பிரேக்கைத் தவிர்த்து, 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதமாகக் குறைத்து, இடையிடையே ஆறவிட்டு ஓட்டினால் பேட்டின் பொருள் டிஸ்க்கில் சீராகப் படியும். அது படிந்த பிறகு காரையாறு போய்வாருங்கள்.